ஆறாவது வட்டிலப்பம்

ஒரு சஹனில் மட்டும் ஐந்து பேர்தான் இருப்பார்கள், ஆனால் அதற்கும் வட்டிலப்பம் ஆறு வைக்க வேண்டும் என்று நான் சொன்னதும், சமையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சஹன் என்றாலே ஆறு பேர். பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, நடுவில் பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துத் தின்பது. கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த இனிப்பு. கண்டிப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கலியாணச் சாப்பாடு இதுதான். ஒரு ஆள் குறைந்தால் வாசலில் நிற்கிற யாரையாவது கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார்கள். இடம் காலியாகக் கிடந்தால் வீட்டுக்காரனுக்குத்தான் மரியாதைக் குறைவு. அதனால் அவர் கேட்டதில் பிழையில்லை.

"அப்ப அந்த ஆறாவது வட்டிலப்பத்த ஆரு திங்கிற, ஹாஜியார்?"

ஒருவரும் தின்ன மாட்டார்கள் என்றேன். மனுஷர் தலையை ஆட்டிவிட்டு ஆறு என்றே குறித்துக்கொண்டார். திகனையில் ஊரறிய இரும்புக்கடை வைத்திருக்கிறவனுக்கு மூளை கொஞ்சம் பிசகிப் போனாலும் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அது ஒரு வசதி.

என் மகள் பஸ்னாவின் கலியாணம் அது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும் முதல் பந்தியில் ஒரு சஹனில் ஒரு இடத்தைக் காலியாக விடுவோம். அது என் பெரியவாப்பா மஹ்ரூபின் இடம். வாப்பாவுக்கு மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, இரண்டாம் உலக யுத்தத்தில், குண்டு போடும் விமானத்தோடு கடலில் போனவர்.

அவர் கண்டியில் இங்கிலீஷ் படித்தவராம். ரேடியோப் பைத்தியம். வீட்டில் ஒரு கம்பியைக் கூட விட்டு வைக்க மாட்டாராம். யுத்தம் தொடங்கியதும் விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமலே பேர் கொடுத்துவிட்டு, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். விமானத்தில் வயர்லஸ் பார்க்கிற ஆளாக்கினார்கள். சண்டை இந்தப் பக்கம் திரும்பியதும் அவரையும் இந்தப் பக்கமே அனுப்பினார்கள். மின்னேரியாவில் இருந்து நாலு எஞ்சின் விமானத்தில் கிளம்பி, வங்காள விரிகுடாவைக் கடந்து போய், ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த துறைமுகங்களில் கடற்கண்ணிகளைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிற வேலை. கீழே முழுக்கத் தண்ணீர்.

அப்படி இருக்கும்போதுதான் தங்கச்சி ஒருத்தியின் கலியாணத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தார். யூனிபோமோடு சஹனில் உட்கார்ந்தார். பக்கத்தில் என் வாப்பா, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இரண்டு கவளம் தின்றிருப்பாராம், சொன்ன நேரத்துக்கு முன்பே காம்ப் லொறி வந்து வெளியே ஹோர்ன் அடித்தது. சஹனில் இருந்து நடுவில் எழும்பக் கூடாது, மற்றவர்களும் கை எடுக்க வேண்டி வரும். இருந்தாலும் எழும்பினார். "என்ட எடத்த வெச்சிக்கொள்ளுங்க, வட்டிலப்பத்துக்கு வந்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தக் கிழமையே ஒரு தந்தி வந்தது, காணவில்லை என்று. மாதங்கள் போய் இன்னொன்று வந்தது, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று. அவங்க கருதினாக் கருதட்டும் என்றாராம் அவரைப் பெற்றவர். எடம் வெக்கச் சொல்லிட்டுப் போன புள்ளைக்கு மையத்துத் தொழுறதா என்று பள்ளிவாசல் ஆட்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

உடல் கிடைக்காதவர்களுக்கும் தொழுகை உண்டு. காயிப் ஜனாஸா என்று, ஆள் எங்கோ இருக்க, நாம் இங்கே நின்று தொழுவது. எங்கள் வீட்டில் அது நடக்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் கலியாணத்துக்குக் கலியாணம் இடம் வைப்பதுதான் நடந்தது. பக்கத்தில் சொந்த இரத்தம் ஒன்று உட்கார வேண்டும் என்பதால் வாப்பா உட்கார்ந்தார், வாப்பாவுக்குப் பிறகு நான். எப்போதும் என் இடது பக்கம்தான் அந்த இடம். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தாலும் இடது பக்கம் விட்டுத்தான் உட்காருகிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் கடைக்குச் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போனால், என்னையும் இழுத்துக்கொண்டு, யுத்தத்தில் இறந்தவர்களைப் புதைத்த மையவாடிக்குப் போவார். புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு துப்புரவான இடம். ஒவ்வொரு கல்லாக வாசிப்பார். மஹ்ரூப் என்று ஒரு கல் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடலில் போனவருக்கு எங்கே கல்? ஆனாலும் வாசித்து முடித்துவிட்டு, "நம்மட ஆள் இங்க இல்ல" என்பார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை வெகு காலம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

பெரியவாப்பாவின் ஒரே போட்டோ எங்கள் கடையில் தொங்கியது. கலவரத்தில் திகனைக் கடைகள் எரிந்த வருடம் அதுவும் எரிந்தது. மிச்சம் இருந்தவை இரண்டு: சஹனில் அந்த இடம், அவருடைய கடைசித் தங்கச்சி றலியா மாமி.

மாமிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. லொறி வந்த அன்று எட்டு வயது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். நானா, அண்ணனை மாமி அப்படித்தான் சொல்வார், போகிற போக்கில் அவர் தலையில் விரலால் டக்டக்கென்று தட்டி, இதுதான் வயர்லஸ்ஸில் உன்ட பேர் என்றாராம். அதை மாமி இன்னும் தட்டிக் காட்டுவார். சரியா பிழையா என்று சொல்ல எங்களில் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கலியாணத்திலும் மாமி பெண்கள் பக்கத்துத் திரையின் இடுக்கில் கதிரை போடச் சொல்லி, அங்கிருந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "எடம் வெச்சா?" என்பார். வைத்தோம் என்பேன். "ஆராச்சும் வந்தா?" என்பார். இல்லை மாமி என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

என் தங்கச்சி ஸுலைஹாவுக்கு இது பிடிக்காது. கலியாண வீட்டில் மௌத்தாப் போனவருக்கு இடம் வைப்பது நல்ல சகுனமா என்று என்னைப் பிடுங்கி எடுப்பாள். அவள் மகனின் கலியாணத்தில் தெரியாத்தனமாக ஒரு ஆள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட, நாங்கள் அவரைச் சமாதானம் சொல்லி எழுப்பினோம். மாமி அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்தான். சாப்பாடு இறங்கவில்லை, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினோம். ஸுலைஹாவோடு பேச்சுக் கூட இல்லை வெகு நாள். போன வருடம் அர்கம், என் மகன், சிங்கப்பூரில் ஒரு நினைவுச் சுவரில் பெரியவாப்பாவின் பேர் வெட்டியிருப்பதை ஃபோனில் தேடி எடுத்துக் காட்டினான். மாமி கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்தார். பிறகு, "செவுத்துல பேர் வெட்டினா வயிறு நெறயுமா மகன்? நானா பசியோட போனவர்" என்றார். அவன் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆக, என் மகளின் கலியாணத்தில் எனக்கிருந்த ஒரே பயம் இதுதான். நகை, மாப்பிள்ளை வீட்டார், மழை எதுவும் இல்லை. மாமி இருக்கிற வரைக்கும் இடத்தை விட்டுவிடாதே என்று வாப்பா கடைசியில் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு முறை யாராவது அங்கே உட்கார்ந்தால் மாமி தாங்க மாட்டார். அர்கமைக் கூப்பிட்டு, நீ வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், பந்தி முடியும்வரை அந்த இடத்துக்குப் பக்கத்தில் நில், அது போதும் என்றேன். அந்தப் பிள்ளையும் கோட்டுப் போட்டுக்கொண்டு காவல்காரன் மாதிரி நின்றான்.

நெய்ச்சோறு வந்து, கோழியும் கத்தரிக்காய் மோஜுவும் வந்து, கை கழுவத் தண்ணீரும் சுற்றி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வெளியே மழை இருட்டு, கலியாண ஹோலில் திரைச்சீலைகள் வேறு. ஜெனரேட்டர் போடுகிற ஆளைக் காணவில்லை என்று யாரோ கத்த, அர்கம் ஓடினான். என் பக்கத்தில் யாரோ அசைவது தெரிந்தது, சம்பந்தியின் குரலும் கேட்டது. "இங்க ஒரு எடம் ஈக்குது, இரிங்க தம்பி, வெக்கப்படாம இரிங்க."

வெளிச்சம் வந்தபோது என் இடது பக்கத்தில் ஒரு ஆள்.

நாற்பது வயது இருக்கும். கறுத்த, ஒல்லியான மனுஷர், நனைந்த சேர்ட். மாப்பிள்ளை வீட்டு வேனின் ட்ரைவர், பன்விலப் பக்கம், செல்லச்சாமி என்று பேர் என்பதைச் சம்பந்தியே குனிந்து என் காதில் சொன்னார். காலையில் இருந்து ஒன்றும் தின்னாமல் வேன் ஓட்டியிருக்கிறார், எங்க புள்ள மாதிரி என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் வாப்பா தன் கையாலேயே கொண்டுவந்து இருத்திய ஆள். அவரை எழுப்பினால் அந்தச் சம்பந்தம் அன்றைக்கே கசந்துவிடும், என் மகள் ஆயுளுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுப்பாவிட்டால் மாமி. திரும்பி வந்த அர்கம் தூணுக்குப் பக்கத்தில் நின்று, என்ன செய்ய என்று கண்ணால் கேட்டான். நான் திரையின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் கை வைத்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றும் தெரியவில்லை. கரண்ட் சபையின் மேல் என்று வைத்துக்கொள்வோம்.

செல்லச்சாமி கூச்சத்தோடு தன் பக்கத்து ஓரத்தில் இருந்து கொஞ்சம் எடுத்துத் தின்றார். இரண்டு கவளம் போயிருக்கும். வெளியே ஹோர்ன் அடித்தது. யாரோ கையை எடுக்காமல் நீட்டி அடித்தார்கள்.

வாசலில் இருந்து ஒரு ஆள் உள்ளே தலையை நீட்டி, வெள்ளை வேன் யாருடையது, ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது, பஸ் போக முடியவில்லை என்று சத்தம் போட்டார். செல்லச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். வலது கையெல்லாம் சோறு, இடது கையால் சாவியைத் துழாவிக்கொண்டே எழும்பினார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்.

"எடத்த வச்சிருங்கண்ணே, வண்டிய தள்ளி வச்சிட்டு வந்துர்றேன்."

பெரியவாப்பா சொன்ன அதே வார்த்தை. பொய் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன், எல்லாம் கதையாகத்தான் இருந்தது. அந்த மனுஷர் நனைந்த முதுகோடு வாசலைத் தாண்டிப் போனதும்தான், அன்று என் வாப்பா என்ன பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் திரையைப் பார்த்தேன். மாமி கதிரையில் இல்லை. எழும்பி, திரைத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னையோ அந்த இடத்தையோ பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸுலைஹா பின்னால் நின்று அவர் தோளைத் தாங்கியிருந்தாள்.

எங்கள் சஹனில் ஐந்து பேரும் கையை நிறுத்திக்கொண்டு இருந்தோம். ஆள் எழும்பினால் காத்திருப்பதுதான் முறை. மற்றச் சஹன்களில் சோறு பாதியாகிவிட்டது. எனக்கு எதிரே இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், ஆறிப்போகிறது, நாம் தின்போமே, அவர் வந்து சேர்ந்துகொள்வார் என்று மெல்லச் சொன்னார். வேண்டாம், கொஞ்சம் பார்ப்போம் என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. வெளியே வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது, ரிவேர்ஸ் எடுக்கிற சத்தம், பிறகு தூரப் போகிற சத்தம். பஸ் போனது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. வட்டிலப்பம் கொண்டு வருகிற பையன் வந்து ஆறு கிண்ணங்களையும் வரிசையாக வைத்துவிட்டுப் போனான். என் இடது பக்கத்தில் ஒன்று. எத்தனை கலியாணத்தில் அந்தக் கிண்ணத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வர மாட்டார் என்று நினைத்தேன். பார்க் பண்ண இடம் கிடைக்காமல் எங்கேயாவது தூரத்தில் நிறுத்தியிருப்பார், மழைக்கு வேனிலேயே இருந்துவிடுவார், யார் இதற்காகத் திரும்பி வரப் போகிறார்கள்? யா அல்லாஹ், இந்த ஆள் வரட்டும் என்று கேட்டேன். மகளின் கலியாணத்துக்குக் கூட நான் அப்படித் துஆக் கேட்கவில்லை.

அவர் வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, லேஞ்சியால் தலையைத் துடைத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விட்டுப்போனபடியே கிடந்த சோற்றைப் பார்த்ததும் மனுஷருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்னாண்ணே, இன்னும் சாப்பிடாமயா இருக்கீங்க? எனக்காகவா?"

கோழியில் நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினேன். சஹனில் விருந்தாளிக்கு நாங்கள் அப்படித்தான் வைப்போம். எதிரே இருந்த பெரியவரும் ஒரு துண்டைத் தள்ளினார். பசி மனுஷர், கூச்சம் போனதும் நன்றாகத் தின்றார். மோஜுவைக் கேட்டு வாங்கித் தின்றார். எங்க வீட்டுலயும் இது மாதிரி வச்சா நல்லா இருக்கும் என்றார். வட்டிலப்பத்தைக் கரண்டியால் வழித்துத் தின்று முடித்தபோது, எனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லி என்னுடையதையும் அவர் பக்கம் நகர்த்தினேன். அதையும் மறுக்கவில்லை. இரண்டு வெறும் கிண்ணங்கள் அவர் முன்னால் இருந்தன. ஆறாவது வட்டிலப்பக் கிண்ணம் வெறுமையாக இருப்பதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

கை கழுவி முடிவதற்குள் அர்கம் வந்து மாமி கூப்பிடுவதாகச் சொன்னான். மாமி மறுபடி கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஸுலைஹா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள், அவள் அழுதால் அப்படித்தான் நிற்பாள். எடம் வெச்சா என்று மாமி கேட்கவில்லை.

"அந்த மனிசன் ஆரு?"

"மாப்புள ஊட்டு வேன் ட்ரைவர் மாமி. பன்விலப் பக்கம்."

"வட்டிலப்பம் திண்டாரா?"

"ரெண்டு திண்டார்."

மாமி சிரித்துவிட்டார். பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் குனிய வைத்தார்.

"எனக்கு மூள கொழம்பல்ல மகன். அது நானா இல்லன்டு எனக்குத் தெரியும். நானா கடல்லதான். ஆனா எழும்பிப் போன ஒத்தர் திரும்பி வந்து, குந்தி, வயிறு நெறயத் திங்கிறத ஒருக்காச் சரி பாக்கோணும் போல ஈந்திச்சு. பாத்துட்டேன்." என் புறங்கையில் அவருடைய விரல் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. "இனி எடம் வெக்கத் தேவில்ல. பள்ளி ஹஸ்ரத்துக்குச் செல்லுங்க, வெள்ளிக்கிழம நானாவுக்குத் தொழட்டும்."

அன்றைக்கு என் மகளை அனுப்பி வைத்துவிட்டு நான் அழுததாக எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும். நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது, அதற்குத்தான் அழுதேன். போகும்போது செல்லச்சாமிக்கு ஒரு பெட்டி நிறைய வட்டிலப்பம் கட்டிக் கொடுத்தேன். எதற்கு இவ்வளவு என்று அவர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். வீட்டில் பிள்ளைகள் தின்னட்டும் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹஸ்ரத் மைக்கில் சொன்னார், எண்பது வருடத்துக்கு முன் கடலில் மௌத்தான நம் ஊர் மகன் முஹம்மது மஹ்ரூபுக்குக் காயிப் ஜனாஸா தொழப் போகிறோம் என்று. கடைக்கு ஓடுகிறவர்கள் கூட நின்றுவிட்டார்கள். யார் அந்த மஹ்ரூப் என்று பின்னால் யாரோ கேட்க, இன்னொருவர் ஹாஷிம் ஹாஜியாரின் பெரியவாப்பா, பிளேனில் போனவர் என்று சொல்வது கேட்டது. மாமி வீட்டில் தொழுகைப் பாயில் இருப்பார், தொழுகை தொடங்கும்போது ஃபோன் பண்ணச் சொல்லியிருந்தார். அர்கம் பண்ணினான்.

முன்னால், மையத்தைச் சுமந்து வரும் சந்தூக் வைக்கிற இடத்தில் வெறும் தரைவிரிப்பு. மழை விட்டு, ஜன்னல் வழியாக விழுந்த வெயில் அதன் மேல் நீளமாகக் கிடந்தது. ஹஸ்ரத் எங்கள் பக்கம் திரும்பி, எல்லாத் தொழுகையிலும் சொல்கிறதைச் சொன்னார்.

"நேரா நில்லுங்க. நடுவுல எடம் உடாதீங்க. நெருங்கிக்கொள்ளுங்க."

குனிந்து பார்த்தேன். எனக்கும் அர்கமுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. நான் அதை விட்டது எனக்கே தெரியாது. இடது காலை எடுத்து வைத்தேன். என் மகனின் தோள் என் தோளில் வந்து முட்டியது, சூடாக இருந்தது. ஹஸ்ரத் கையை உயர்த்தினார்.